இன்சுலின் பாட்டிலுக்குள் ஒரு பீர் கம்பெனி

இன்னைக்கு ஒரு சின்ன வேலையோட ஆரம்பிக்கலாம். உங்க வீட்டுல யாராவது இன்சுலின் போட்டுக்கிறாங்கன்னா, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுங்க. ரெண்டு வகை இருக்கலாம். ஒண்ணு தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். இன்னொண்ணு நீர்மோர் மாதிரி கலங்கலா இருக்கும். அசையாம வெச்சா அடியில வெள்ளையா படிஞ்சிடும். ஊசி போடுறதுக்கு முன்னாடி உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு உருட்டச் சொல்றது இந்த ரெண்டாவது வகையைத்தான்.

அந்தக் கலங்கல் பாட்டிலோட அட்டைப்பெட்டியில ஒரு தாள் மடிச்சு வெச்சிருப்பாங்க. பிரிச்சுப் பாருங்க. இன்சுலின் தவிர வேற என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு ஒரு பட்டியல் இருக்கும். புரோட்டமின் சல்பேட், ஜிங்க், கிளிசரால், மெட்டாகிரசால், ஃபீனால். அப்புறம், டைசோடியம் ஃபாஸ்பேட்.

அந்தக் கடைசிப் பேர்தான் இன்னைக்கு நம்ம கதாநாயகன். அது ஒரு பஃபர். வீடியோ நடுவுல வட்டம் சுத்துமே, அந்த பஃபர் இல்ல. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி புத்தகத்துல ‘தாங்கல் கரைசல்’னு படிச்சிருப்பீங்க, அது. எனக்கு அந்தப் பாடத்துல ஞாபகம் இருக்கிறது ஒரு சமன்பாடு மட்டும்தான். அதுக்குப் பின்னாடி ஒரு ஊரே இருக்குன்னு யாரும் சொல்லித் தரல. ஊர் பேர் கோபன்ஹேகன். கதை தொடங்குற இடம், ஒரு பீர் தொழிற்சாலை.

1875-ல் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் முதலாளி ஜே.சி. ஜேக்கப்சன், தன் ஆலைக்குப் பக்கத்திலேயே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கினார். வியாபாரிக்கு எதுக்கு ஆராய்ச்சிக்கூடம்னு கேட்டா, பீர் காய்ச்சுறது ஒரு சூதாட்டமா இருந்த காலம் அது. ஒரு முறை நல்லா வரும், அடுத்த முறை கெட்டுப்போகும், ஏன்னு யாருக்கும் தெரியாது. ஜேக்கப்சன் போட்ட விதிகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிச்சது: இங்கே கண்டுபிடிக்கும் முக்கியமான எதையும் ரகசியமாக வைக்கக் கூடாது. போட்டிக் கம்பெனிக்கும் அது போய்ச் சேரும்னு தெரிஞ்சேதான் அந்த விதி. இன்னைக்கு ஒரு ஸ்டார்ட்அப்ல இப்படிச் சொல்லிப் பாருங்க.

1901-ல் அந்தக் கூடத்தின் வேதியியல் பிரிவுக்குத் தலைவராக வந்தார் எஸ்.பி.எல். சோரன்சென். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய வேலை புரதங்களும் என்சைம்களும். என்சைம்கள் ரொம்பச் செல்லம். சுத்தி இருக்கிற தண்ணி கொஞ்சம் அமிலமாப் போனாலும் வேலை குறையும், கொஞ்சம் காரமாப் போனாலும் குறையும். அப்போ அந்த ‘கொஞ்சம்’ எவ்வளவுன்னு அளக்கணுமே?

அளந்தால் வரும் எண்கள் கொடுமையாக இருந்தன. சுத்தமான தண்ணீரில் ஹைட்ரஜன் அயனியின் செறிவு 0.0000001. இப்படிப் பூஜ்ஜியங்களை எண்ணிக்கிட்டே யார் வேலை செய்வாங்க? 1909-ல் என்சைம்கள் பற்றி எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில் சோரன்சென் ஒரு குறுக்குவழி சொன்னார். பூஜ்ஜியங்களை விட்டுடுவோம், அடுக்கை மட்டும் எடுத்துக்குவோம். தண்ணீருக்கு 7. அதைவிடப் பத்து மடங்கு அமிலம் என்றால் 6. நூறு மடங்கு என்றால் 5. பி.எச். பிறந்தது அங்கேதான். இன்னைக்கு ஃபேஸ்வாஷ் விளம்பரத்துல வர்ற ‘பி.எச். 5.5’ வரைக்கும் எல்லாமே அந்தப் பீர் ஆலைச் சொத்து.

பி.எச். கதை ஓரளவு பிரபலம். அதே கட்டுரையில் இருந்த இன்னொரு விஷயத்தை யாரும் அவ்வளவா சொல்றதில்ல. அளவு வேணும்னா அளவுகோல் வேணும் இல்லையா? பி.எச். 6 என்று சொன்னால் அது 6-லேயே நிற்கிற ஒரு தண்ணீர் வேணும். சாதாரணத் தண்ணீர் நிற்காது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், பி.எச். 7-லிருந்து கிட்டத்தட்ட 3-க்கு விழுந்துடும். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம், ஒரு சொட்டில்.

சோரன்சென் ஃபாஸ்பேட், சிட்ரேட், போரேட், கிளைசின் இதையெல்லாம் வெவ்வேறு விகிதத்தில் கலந்து, வரிசையாகக் கரைசல்கள் செய்தார். இவை அசையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் அமிலம் கொஞ்சம் குறைவாக உள்ள ஃபாஸ்பேட்டும் கொஞ்சம் கூடுதலாக உள்ள ஃபாஸ்பேட்டும் சரிபாதியாக, மொத்தம் பத்தில் ஒரு மோல் இருக்குன்னு வையுங்க. அதில் அதே ஒரு சொட்டு அமிலம் விட்டால் பி.எச். மாறுவது நூறில் ஒரு பங்குதான். வந்த ஹைட்ரஜனை ஒரு ஃபாஸ்பேட் பிடிச்சு வெச்சுக்கும். காரம் வந்தா இன்னொரு ஃபாஸ்பேட் தன்கிட்ட இருக்கிற ஹைட்ரஜனைக் கொடுத்துச் சமாளிக்கும். இந்த இடிதாங்கும் குணத்துக்கு 1900-லேயே ஃபெர்ன்பாக், ஹூபெர்ட் என்கிற ரெண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் ‘டாம்போன்’ என்று பேர் வைத்திருந்தார்கள். அவங்க ஆராய்ச்சி செஞ்சதும் பீருக்கு உதவுற மால்ட் என்சைமைத்தான். ஜெர்மனில் அது ‘புஃபர்’ ஆச்சு. ரயில் பெட்டிகள் மோதிக்காம இருக்க முனையில ஸ்பிரிங் வெச்ச தட்டு இருக்குமே, அதோட பேரும் அதுதான். ஆங்கிலத்துல பஃபர். நம்ம ஊர் கல்லூரி லேப்ல பி.எச். மீட்டரைச் சரிபார்க்க 4, 7, 9.2னு மாத்திரை கரைப்பாங்க பாருங்க, அது சோரன்சென் வரிசையோட பேரப்பிள்ளை.

இதே நேரத்தில் அமெரிக்காவில், ஹார்வர்டில் லாரன்ஸ் ஹென்டர்சன் 1908-ல் ரத்தத்தைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டார். ஓடினா தசையில அமிலம் ஊறுது, மூச்சு விடாம இருந்தா கார்பன் டை ஆக்சைடு சேருது, ஆனா ரத்தம் மட்டும் எப்படி அசையாம நிக்குது? பைகார்பனேட்டும் கார்பானிக் அமிலமும் ஜோடியாக நின்று தாங்குகின்றன என்று ஒரு சமன்பாடு எழுதினார். 1916-17 வாக்கில் கார்ல் ஹாசல்பால்க், ஆமாம், அவரும் கோபன்ஹேகன்காரர்தான், அந்தச் சமன்பாட்டை சோரன்செனின் பி.எச். மொழிக்கு மாற்றி எழுதினார். நான் பரீட்சைக்கு மனப்பாடம் செஞ்சது அதுதான்.

அந்தச் சமன்பாடு சொல்றதுல மருந்துக்காரர்களுக்கு வேண்டியது ஒரே விஷயம்: ஒவ்வொரு பஃபருக்கும் சொந்த ஊர் ஒண்ணு உண்டு. அந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் அதுக்குப் பலம். ஃபாஸ்பேட்டின் ஊர் 7.2. அசிட்டேட்டின் ஊர் 4.76. நம்ம ரத்தம் 7.4. இந்த மூணு எண்ணை மட்டும் பிடிச்சுக்குங்க, கதைக்குத் தேவைப்படும்.

இனி இன்சுலின்.

1921-22-ல் கனடாவின் டொரான்டோவில் பேன்டிங், பெஸ்ட், காலிப், மெக்லியாட் குழு மாட்டுக் கணையத்திலிருந்து இன்சுலினை எடுத்தது ஊரறிந்த கதை. 1922 ஜனவரியில் 14 வயசுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி. ஆனால் அந்த வருஷம் முழுக்க இன்னொரு பிரச்சினை ஓடிக்கிட்டே இருந்தது. எடுத்த சாறு சுத்தமாக இல்லை. இன்சுலினோடு மற்ற குப்பைப் புரதங்களும் சேர்ந்தே வந்தன. எப்படிப் பிரிப்பது?

வீட்டுல பன்னீர் செய்யும்போது என்ன பண்ணுவோம்? சூடான பாலில் எலுமிச்சம்பழம் பிழியுவோம். பால் திரியும். ஏன் திரியுது? பால் புரதத்தின் மேலே பிளஸ், மைனஸ் ரெண்டு மின்னேற்றமும் இருக்கும். சாதாரணமா மைனஸ் அதிகம். அதனால துகள்கள் ஒண்ணையொண்ணு தள்ளி நிற்கும், கரைஞ்சே இருக்கும். அமிலம் சேரச்சேர ஒரு இடத்தில் பிளஸ்ஸும் மைனஸும் சமமாயிடும். தள்ள ஆளில்லை. ஒட்டிக்கிட்டு அடியில் விழும். பால் புரதத்துக்கு அந்த இடம் பி.எச். 4.6. இன்சுலினுக்கு 5.3-5.4. எலை லில்லி கம்பெனியில் ஜார்ஜ் வால்டன் 1922-ன் கடைசியில் இதைப் பிடித்தார். செயின்ட் லூயிஸில் இன்னொரு குழுவும் தனியாகக் கண்டுபிடித்தது. சாற்றை அந்த பி.எச்-க்குக் கொண்டு போ, இன்சுலின் மட்டும் விழும், குப்பையை ஊற்றிவிடு. தொழிற்சாலை அளவில் இன்சுலின் சாத்தியமானதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆனா இதே குணம் ஒரு சிக்கலையும் கொண்டு வந்தது. ஊசியில் போட இன்சுலின் கரைஞ்சிருக்கணும். அதனால் ஆரம்ப கால இன்சுலினை பி.எச். 3 பக்கம், நல்ல அமிலத்தில் கரைத்தே விற்றார்கள். குத்தினா எரியும். உடம்புக்குள்ள போனதும் வேகமா ரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்தில் வேலை முடிஞ்சிடும். ஒரு நாளைக்கு மூணு நாலு ஊசி, சில பேருக்கு ராத்திரி எழுந்து ஒண்ணு. இன்னைக்கு இருக்கிற மெல்லிசான ஊசி இல்ல. கண்ணாடி சிரிஞ்ச், கொதிக்க வெச்சு எடுக்கணும். தடிமனான ஊசி, மழுங்கினா கல்லில் தீட்டணும். இதை ஒரு ஏழு வயசுக் குழந்தைக்கு, வருஷம் முழுக்க. உயிர் பிழைச்சது பெரிய விஷயம்தான். ஆனா அந்த வீட்டு அம்மா எப்போ தூங்கினாங்க?

இங்கேதான் கோபன்ஹேகன் மறுபடி வருது. ஆகஸ்ட் க்ரோக், 1920-ன் நோபல் பரிசு பெற்ற உடலியல் அறிஞர். மனைவி மரீ க்ரோக் ஒரு டாக்டர்; அவருக்கே சர்க்கரை நோய். 1922 இறுதியில் இருவரும் அமெரிக்கா போனபோது, டொரான்டோவுக்கும் போய்ப் பார்க்கணும்னு தூண்டியது மரீ. டென்மார்க்கில் இன்சுலின் தயாரிக்க அனுமதியோடு திரும்பினார் க்ரோக். மரீக்கு வைத்தியம் பார்த்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹேகடோர்ன் கூட்டு சேர்ந்தார். ‘லியோ’ மருந்துக்கடைக்காரர் ஆகஸ்ட் கோங்ஸ்டெட் பணம் போட்டார். 1923-லேயே டேனிஷ் நோயாளிகளுக்கு ஊசி கிடைத்தது. நிறுவனத்தின் பெயர் நார்டிஸ்க் இன்சுலின் ஆய்வுக்கூடம்.

ஹேகடோர்னின் கேள்வி எளிமையானது. இன்சுலின் 5.4-ல் படிகிறது. அது உடம்பின் பி.எச்-சிலேயே படிகிற மாதிரி செய்தால் என்ன? தோலுக்கு அடியில் போய் வெள்ளைத் துகளாக உட்கார்ந்துக்கும். கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு, மெதுவா ரத்தத்துக்குள் போகும். ஊசி எண்ணிக்கை குறையும்.

அதுக்கு இன்சுலினோடு ஒட்டிக்கொண்டு பிளஸ் மின்னேற்றம் சேர்க்கிற ஒரு துணை வேணும். பல பொருட்களைச் சோதித்து, கடைசியில் அவர் குழு பிடித்தது புரோட்டமின். ட்ரவுட் என்கிற மீனின் விந்திலிருந்து எடுக்கும் புரதம். (ஆமாங்க, மீன் விந்துதான். பக்கத்தில உக்காந்து சாப்பிடுறவங்க கிட்ட இப்போ சொல்ல வேண்டாம்.) புரோட்டமின் சேர்ந்த இன்சுலினின் படியும் இடம் 5.4-லிருந்து 7.3-க்கு நகர்ந்தது. ரத்தம் 7.4. கிட்டத்தட்ட அதே வாசல்.

1936-ல் அது வெளிவந்தது. ஆனால் அந்தக் கலவையை நடுநிலை பி.எச்-சில் ரொம்ப நாள் வைத்திருக்க முடியவில்லை. அதனால் ரெண்டு பாட்டில். ஒன்றில் அமிலத்தில் கரைந்த இன்சுலினும் புரோட்டமினும். இன்னொன்றில் ஃபாஸ்பேட் பஃபர். ஊசி போட ஆரம்பிக்கும் முன் ரெண்டையும் கலக்கணும். தெளிவான தண்ணீர் கண் முன்னாடியே பால் மாதிரி வெள்ளையாகும். சோரன்சென் பீர் ஆலையில் வரிசை கட்டி வைத்த அந்த ஃபாஸ்பேட், 27 வருஷத்தில் நோயாளியின் மருந்துப் பெட்டிக்குள் தனி பாட்டிலாகவே வந்து சேர்ந்தது.

அதே ஆண்டு டொரான்டோவில் ஸ்காட், ஃபிஷர் இருவரும் ஜிங்க் சேர்த்தால் நிலைத்து நிற்கும் என்று காட்டினார்கள். ரெண்டு பாட்டில் தேவை போச்சு. ஆனா இப்போ மருந்து அளவுக்கு மீறி நீண்டது. 1946-ல் ஹேகடோர்னின் கூடத்தில், புரோட்டமின் மிச்சமே இல்லாமல் சரியான அளவில் இன்சுலினோடு சேர்ந்து படிகமாகும் விகிதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் என்.பி.எச்.: நியூட்ரல் புரோட்டமின் ஹேகடோர்ன். அந்த ‘நியூட்ரல்’ என்ற சொல்லைக் காப்பாத்துற ஆள் ஃபாஸ்பேட். உங்க ஃப்ரிட்ஜ்ல இருக்கிற அந்தக் கலங்கல் பாட்டில் இதுதான். 30/70 என்று எழுதியிருந்தால், அதில் 70 பங்கு இது.

கதையில சண்டை இல்லைன்னு நினைச்சீங்களா? இருக்கு. நார்டிஸ்க்கில் ஹரால்ட் பெடர்சன், தோர்வால்ட் பெடர்சன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருத்தர் இயந்திரம் செய்பவர், இன்னொருவர் பார்மசி படித்தவர். 1924-ல் ஹேகடோர்னுக்கும் தோர்வால்டுக்கும் ஒத்துவராமல் தோர்வால்ட் வெளியேற்றப்பட, ஹரால்டும் கூடவே கிளம்பிவிட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து சொந்தமா இன்சுலின் தயாரித்தார்கள். கம்பெனி பெயர் நோவோ. அதே ஊர், அதே மருந்து, பரம எதிரிகள்.

நோவோவுக்குப் புரோட்டமின் இல்லாத ஒரு நீண்டநேர இன்சுலின் வேண்டும். அங்கே இருந்த க்னுட் ஹாலஸ்-மோலர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஜிங்க் மட்டுமே போதும், இன்சுலினை 7 பக்கத்திலேயே படிய வைக்க. அப்படின்னா இத்தனை வருஷம் ஏன் யாரும் அதைப் பார்க்கல? பஃபர்! எல்லாரும் ஃபாஸ்பேட் போட்டுக்கிட்டிருந்தாங்க. ஃபாஸ்பேட் ஜிங்கைக் கண்டால் விடாது, பிடித்துத் தன்னோடு சேர்த்துப் படிய வைத்துவிடும். இன்சுலினுக்கு ஜிங்க் மிஞ்சாது.

அவர் ஃபாஸ்பேட்டை எடுத்துவிட்டு அசிட்டேட் போட்டார். 1952-ல் வந்த லென்டே இன்சுலின் அதுதான். முன்னாடி சொன்ன எண்களை நினைச்சுப் பாருங்க: அசிட்டேட்டின் ஊர் 4.76. 7-ல் அது ஒரு சோம்பேறி பஃபர், தாங்கும் சக்தி ரொம்பக் குறைவு. புத்தகப்படி பார்த்தால் தப்பான தேர்வு. ஆனா அது ஜிங்கைத் தொந்தரவு செய்யாது. இங்கே வேண்டியது அதுதான். மருந்துக்கு பஃபர் தேர்ந்தெடுக்கிறதுல எனக்குப் பிடிச்ச இடம் இது. பி.எச். சரியா இருக்கான்னு மட்டும் பார்த்தா போதாது, அந்த பஃபர் கூட இருக்கிறவங்களோட எப்படிப் பழகுதுன்னும் பார்க்கணும்.

இதுக்கு ஒரு பின்விளைவும் இருந்தது. ஒரே ஊர்க் கம்பெனிகள் செய்த ரெண்டு கலங்கல் இன்சுலின், ஒண்ணு ஃபாஸ்பேட், ஒண்ணு ஜிங்க். தெரியாமல் ஒரே சிரிஞ்சில் எடுத்தால், என்.பி.எச்-சின் ஃபாஸ்பேட் லென்டேயின் ஜிங்கைப் பிடித்துக்கொள்ளும். மெதுவா வேலை செய்யவேண்டிய இன்சுலின் அவசரமா வேலை செய்ய ஆரம்பிச்சிடும். நோயாளிக்கு அதன் அர்த்தம் எதிர்பாராத நேரத்தில் சர்க்கரை இறங்குறது. வியர்வை, நடுக்கம், மயக்கம். ரெண்டையும் கலக்காதீர்கள் என்று மருந்தாளுநர்கள் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1989-ல் ரெண்டு கம்பெனியும் ஒன்றாகி நோவோ நார்டிஸ்க் ஆனது. கம்பெனிகள் கலந்துடுச்சு, பாட்டில்கள் கலக்கவே இல்ல.

கொஞ்சம் கண் மருந்து பக்கம் போயிட்டு வரலாம், கடைசிப் பகுதிக்கு அது தேவை. கண் அழுத்த நோய்க்குப் போடும் பைலோகார்பின் சொட்டு மருந்து, லேசான அமிலத்தில்தான் கெடாமல் இருக்கும். ஆனால் கண்ணீர் 7.4 பக்கம். அமிலமா சொட்டினா எரியும், மருந்தும் சரியா உள்ளே போகாது. அதனால் பாட்டிலில் பஃபரை வேண்டுமென்றே குறைவாகப் போடுவார்கள். பாட்டிலுக்குள்ள மருந்தைக் காப்பாத்துற அளவு பலம், கண்ணுக்குள்ள போனதும் கண்ணீர்கிட்ட தோற்றுப்போற அளவு பலவீனம். கண்ணீருக்கும் சொந்தமா ஒரு பஃபர் இருக்கே, அது ஜெயிக்கணும்.

இந்த யோசனையின் உச்சம் 2000-ல் வந்த கிளார்ஜின், லான்டஸ் என்ற பெயரில் தெரிந்திருக்கும். இன்சுலின் மூலக்கூறிலேயே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி, ரெண்டு ஆர்ஜினைனைச் சேர்த்து, அதன் படியும் இடத்தை 5.4-லிருந்து 6.7-க்கு நகர்த்தியிருந்தார்கள். மீன் வேண்டாம். பாட்டிலில் பி.எச். 4, அதனால் தண்ணீர் மாதிரி தெளிவு. தோலுக்கு அடியில் போனதும் உடம்பின் 7.4 அதை நடுநிலையாக்கும், அங்கேயே நுண்ணிய துகளாகப் படியும், கிட்டத்தட்ட 24 மணி நேரம் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு ஊசி.

அந்தப் பெட்டியில் இருக்கிற தாளையும் பிரிச்சுப் பாருங்க. ஃபாஸ்பேட் இருக்காது, அசிட்டேட் இருக்காது, பஃபர்னு எதுவுமே இருக்காது. 1936-ல் தனி பாட்டிலில் வந்த அந்தக் கரைசலின் வேலையை இப்போ ஊசி போட்டுக்கிறவரோட உடம்பே செய்யுது. அதனால்தான் இதை வேற எந்த இன்சுலினோடும் ஒரே சிரிஞ்சில் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள். நடுநிலையில் இருக்கிற இன்னொரு இன்சுலின் பட்டதும், தோலுக்கு அடியில் நடக்கவேண்டியது சிரிஞ்சுக்குள்ளேயே நடந்துடும். பாட்டிக்கு ரெண்டு வகையும் எழுதிக் கொடுத்திருந்தாங்கன்னா, ரெண்டு ஊசிதான்.

பாட்டிலை மறக்காம ஃப்ரிட்ஜ்ல திருப்பி வெச்சிடுங்க, ஃப்ரீசர்ல இல்ல.